என் மூக்கும் அவள் மூக்கும்

குன்னூரில் இருபத்தாறு வருஷம் தேயிலை ருசி பார்க்கிற வேலையில் இருந்தேன். இதைச் சொன்னால் ஜனங்கள் சிரிப்பார்கள். டீ குடிக்கச் சம்பளமா, கொடுத்து வைத்தவர் என்பார்கள். குடிப்பதில்லை, துப்புவது என்று விளக்குவேன். தேயிலை ஏலத்துக்குத் தரகர் கம்பெனிகள் உண்டு, அதில் ஒன்றில் எனக்கு வேலை. விற்பனைக்கு வருகிற தூளிலிருந்து முதலில் அந்தக் கம்பெனிகளுக்கு மாதிரி அனுப்புவார்கள். நீளமான மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, ஊரே கேட்கிற மாதிரி உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுற்று ஓடவிட்டு, பக்கத்தில் நிற்கிற தொட்டியில் துப்பிவிட்டு, நோட்டோடு கூடவே நடந்து வருகிற குமாஸ்தாவிடம் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். பிறகு அடுத்த கோப்பை. காலை ஏழரைக்கு ஆரம்பித்தால் மதியம் வரைக்கும் இதேதான். இரண்டு வார்த்தைதான் என்றாலும் அந்தத் தூள் விலை போவதும் போகாததும் அதில் இருந்தது.

நாக்கு என்று பேருக்குச் சொல்கிறோமே தவிர வேலை செய்வதெல்லாம் மூக்குதான். உப்பு, புளிப்பு, கசப்பு, இனிப்பு, துவர்ப்பு, இவ்வளவுதான் நாக்குக்குத் தெரியும். மற்றதையெல்லாம் மூக்கு சொல்லித்தான் அது தெரிந்துகொள்கிறது. சளி பிடித்தவனுக்குக் காபியும் கஷாயமும் ஒன்று. அதனால் சளி என்றாலே எனக்குக் குலை நடுங்கும். மே மாதத்திலும் மஃப்ளர் கட்டியிருப்பேன். வெலிங்டன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தும்மினால் எழுந்து போய் நின்றுகொள்வேன். பார்ப்பவர்களுக்கு நான் ஒரு பைத்தியக்காரனாகத் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் எல்லாரும் என் மூக்குக்குக் காவல் இருந்தார்கள். எல்லாரும் என்றால் என் மனைவியும் மகளும். சமையலில் பூண்டு கிடையாது, பெருங்காயம் கிடையாது. ஊறுகாய் ஜாடி சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் திறக்கும். ஊதுபத்தி கூடாது, பவுடர் கூடாது, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வரக் கூடாது. என் மனைவி கோபிச்செட்டிபாளையத்துக்காரி. அவள் பிறந்த வீட்டில் மிளகாயும் பூண்டும் அரைக்காத நாள் கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தாள். வாசலிலேயே வாசம் அடித்தது. மறுநாள் வேலை இருந்ததால் நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மோர் சாதம் கேட்டேன். அவள் முகம் எப்படி இருந்தது என்று இப்போது ஞாபகமில்லை. பார்த்திருந்தால்தானே ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு நான் தட்டைத் தள்ளுகிற மாதிரி அவள் எதையும் வைக்கவில்லை.

உண்மையைச் சொன்னால் இந்தக் கட்டுப்பாடுகளில் பாதி அவசியமே இல்லை. சிகரெட் பிடித்துக்கொண்டே பிரமாதமாக ருசி பார்த்தவர்கள் குன்னூரில் இருந்தார்கள். எனக்குத் திறமையைவிடப் பயம் அதிகம். பயத்தை ஒழுக்கம் என்று சொல்லிக்கொண்டேன்.

தேயிலை விலை விழுந்தபோது அந்தப் பயம் எல்லாருக்கும் வந்தது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகவில்லை என்று பலர் செடியை அப்படியே விட்டார்கள். கோத்தகிரி ரோட்டில் போனால் இடுப்பளவு நிற்க வேண்டிய செடி தலைக்கு மேல் வளர்ந்து காடாக நின்றது. நெல்லியாளம் பக்கத்து எஸ்டேட்களில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்றார்கள். முன்பெல்லாம் டிரைவரிடம் மாதிரிப் பொட்டலத்தைக் கொடுத்தனுப்பிய ஃபாக்டரி முதலாளிகள் இப்போது தாங்களே வந்தார்கள். மேசைக்கு எதிரே நின்று, நான் உறிஞ்சுவதையும் துப்புவதையும் வைத்த கண் வாங்காமல் பார்த்தார்கள். முகம் சுளிக்காமல் துப்புவதற்கு அந்த வருஷங்களில்தான் கற்றுக்கொண்டேன்.

ஒரு விஷயத்தில் நான் நல்லவனாக இருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். தூளில் குறை இருந்தால் குறை என்று எழுதிவிட்டு நான் போய்விட மாட்டேன். தீய்ந்த வாசம் வந்தால் டிரையரில் சூடு அதிகம். புளித்த வாசம் வந்தால் இலையைக் குவித்துப் போட்டு வைத்திருக்கிறார்கள். புகை வாசம் என்றால் அடுப்புக் குழாயில் எங்கோ ஓட்டை. இப்படிக் காரணத்தைக் கண்டுபிடித்து ஃபாக்டரிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுவேன். யாரும் கேட்காமலே எழுதுவேன். என் கடிதத்தால் ஒரு ஃபாக்டரி மூடாமல் தப்பித்தது என்று கோத்தகிரிக்காரர் ஒருவர் கண் கலங்கச் சொன்னார். அன்றைக்கு ரொம்ப நேரம் தலை நிமிர்ந்து நடந்தேன்.

எங்கள் கம்பெனியில் ருசி பார்க்க இரண்டு பேர். நான் ஒருவன். என்னைவிட ஐந்து வயது மூத்தவர் ஒருவர். ஏலத்துக்கு வருகிற தூள் குறைந்துகொண்டே வந்தது. இரண்டு பேர் எதற்கு என்ற பேச்சு முதலாளியின் அறையிலிருந்து கசிந்து எங்கள் இருவர் காதுக்கும் வந்தது. நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. காலையில் பார்த்தால் வணக்கம் மட்டும் கொஞ்சம் பலமாகச் சொன்னோம்.

அந்தச் சமயத்தில் அவர் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்துவிட்டு வேலைக்கு வந்தார். வந்த மூன்றாம் நாள் எனக்குத் தெரிந்துவிட்டது. வழக்கமாக மேசையில் அவர்தான் முன்னால் போவார், நான் பின்னால். இப்போது என்னை முன்னால் போகச் சொன்னார். நான் குமாஸ்தாவிடம் சொல்கிற வார்த்தையையே சற்றுத் திருப்பிப் போட்டு அவரும் சொன்னார். சோதித்துப் பார்க்கலாம் என்று, சுத்தமான ஒரு தூளைப் புகை வாசம் அடிக்கிறது என்றேன். அவரும் உறிஞ்சிப் பார்த்து, ஆமாம், லேசாகப் புகை என்றார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தெரிந்துகொண்டதை அவர் தெரிந்துகொண்டார். அன்று மதியம் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். கம்பெனியின் நன்மைக்காகச் சொல்கிறேன் என்று மாடிப்படி ஏறும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மாதத்தில் அவர் வேலையை விட்டுப் போனார். மேட்டுப்பாளையத்தில் மச்சினன் கடையில் உட்கார்ந்திருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மலையை விட்டு இறங்குவதற்கு முன் அவருடைய மனைவி எங்கள் வீட்டுக்குச் சொல்லிக்கொண்டு போக வந்தார். என் மனைவிக்கு அவர் ஒருவர்தான் குன்னூரில் சிநேகிதி. நான் முன்னறையில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். சமையலறையில் அந்த அம்மாள் அழுதது கேட்டது. காய்ச்சல் முதலில் அந்த அம்மாளுக்குத்தான் வந்ததாம். பத்துப் பதினைந்து நாள் அவருக்கும் எந்த வாசமும் தெரியவில்லையாம். அவருக்குத் திரும்பி வந்துவிட்டது, கணவருக்கு வரவில்லை. நான்தான் கொடுத்தேன், தள்ளிப் படுத்திருக்க வேண்டும், ஒரே டம்ளரில் தண்ணீர் குடித்தோம் என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். அவர் போன பிறகு நான் சமையலறைக்குப் போய் என் மனைவியிடம், "கேட்டியா? உனக்குச் சளி கிளி புடிச்சா மொதல்லயே சொல்லிரு. தள்ளி இருந்துக்கலாம்" என்றேன். ஒரு குடும்பம் வேலை இழந்து போன நாளில் என் வாயிலிருந்து வந்தது அதுதான். அவள் சரிங்க என்றாள்.

அதற்குப் பிறகு மேசை முழுவதும் என்னுடையது. இரண்டு பேர் பார்த்த கோப்பைகளை ஒருவன் பார்த்தேன். காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. மகள் கோயமுத்தூர் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு மனைவி தனியாகப் போய்விட்டு வந்தாள். கோபிக்கு நாலு நாள் போய் வரலாமா என்று அவள் கேட்டால், இந்த ஏலம் முடியட்டும் என்பேன். எங்கள் ஏலம் வாராவாரம் நடப்பது. அது என்றைக்கு முடியும்? அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் ஏதோ புதிதாகக் கேட்பவள் போலத் தலையாட்டுவாள். வீட்டில் சாப்பிடும்போது என் தலைக்குள் கோப்பைகள்தான் ஓடிக்கொண்டிருக்கும். தட்டில் வைத்ததைத் தின்றுவிட்டுக் கை கழுவிக்கொண்டு எழுந்துவிடுவேன்.

ஒருநாள் பால் தீய்ந்திருந்தது. அடி பிடித்திருக்கிறது என்று சொன்னேன். அவள் டம்ளரை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, ஆமாங்க என்று உள்ளே எடுத்துப் போனாள். அடுத்த வாரம் தயிர் முந்தாநாள் தயிர். பிறகு கெட்டுப்போன தேங்காய்ச் சட்னி. பொரியல் கருகி வந்தது, எண்ணெய் சிக்கு வாடை அடித்தது, பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்த துண்டில் பூஞ்சை வாசம். தினமும் ஏதாவது ஒன்று. ருசி பார்க்கிறவனிடமே இந்த விளையாட்டா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேசையில் சொல்கிற அதே குரலில் வீட்டிலும் சொல்ல ஆரம்பித்தேன். குழம்பு, சூடு அதிகம். ரசம், பழசு. சாதம், அடுப்பை மறந்துவிட்டாய். சொல்லச் சொல்ல அதில் எனக்கு ஒரு சுகம்கூட வந்தது. அவள் ஒன்றுக்கும் மறுத்துப் பேசவில்லை. நான் சொல்லி முடிக்கும் வரை நின்று கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துப் போனாள்.

அவள் வேண்டுமென்றே செய்கிறாள் என்று முடிவு கட்டினேன். இருபது வருஷம் பூண்டில்லாமல் சமைத்தவள், பூ வைக்காமல் இருந்தவள், இப்போது பழி வாங்குகிறாள். அதற்கு ஏற்றாற்போல அவள் மற்ற விதத்திலும் விலகிக்கொண்டாள். என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினாள். பரிமாறும்போது முந்தானையை வாய்க்கு மேல் பிடித்துக்கொண்டாள். தனக்கென்று ஒரு டம்ளரைப் பிரித்து ஜன்னல் மேடையில் வைத்துக்கொண்டாள். மகளின் அறை காலியாகத்தானே கிடக்கிறது என்று படுக்கையையும் அங்கே கொண்டு போனாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும், சண்டை வந்தால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் காலையில் மூக்கு வேலை செய்யாது. நிம்மதியாகத் தூங்கினேன் என்பதுதான் உண்மை.

ஊரிலுள்ள ஃபாக்டரிக்கெல்லாம் காரணம் தேடிக் கடிதம் எழுதினவன், என் வீட்டில் பால் ஏன் தீய்கிறது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. இப்படி இரண்டு வருஷம் போயிற்று.

பொங்கல் லீவுக்கு மகள் வந்தாள். பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவளுக்கு வாசற்படியிலேயே கேஸ் வாடை அடித்திருக்கிறது. உள்ளே ஓடினால், பால் பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் சீறிக்கொண்டிருக்கிறது. இரண்டடி தள்ளி உட்கார்ந்து அவள் அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் அடுப்பை அடைத்து, ஜன்னல்களைத் திறந்து போட்டு, அம்மாவை வெளியே கூட்டிப்போய் உட்கார வைத்தாள். பிறகு அவளைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி ஒவ்வொரு பொருளாக மூக்கருகே காட்டியிருக்கிறாள். நான் சாயங்காலம் வந்ததும் என்னை முன்னறையிலேயே நிறுத்தினாள்.

"அப்பா, அம்மாளுக்கு எந்த வாசமும் தெரியலீங்கப்பா. காப்பித்தூளு தெரியல, கற்பூரம் தெரியல. மண்ணெண்ணெயக் காட்டுனா தண்ணிங்குது."

மனைவி அவள் பின்னால் கதவோரமாக நின்றிருந்தாள். எப்போதிருந்து என்று கேட்டேன். கொஞ்ச நாளாகத்தான் என்றாள். இதைக் கேட்டதும் நான் செய்த முதல் காரியத்தை எழுதாமல் விட்டுவிடலாம் என்று எத்தனையோ தடவை நினைத்தேன். நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். யோசித்துச் செய்ததில்லை, கால் தானாகப் போயிற்று. அவள் அதைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டு இன்னும் கொஞ்சம் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

மறுநாள் லோயர் குன்னூரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். மூக்கில் விட மருந்து கொடுத்தார். பத்து நாளில் சரியாகாவிட்டால் கோயமுத்தூர் போய்த் தலையை ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்றார். பத்து நாளில் சரியாகவில்லை. ஆனால் அது உறைபனிக் காலம். நீலகிரியில் பனி விழுகிற அந்த ஒன்றிரண்டு மாதத்துத் தூளுக்குத்தான் தனி வாசம் உண்டு. மற்றதைச் சீந்துவாரில்லாத அந்த வருஷத்தில் அதை மட்டும் வாங்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பார்க்க நான் ஒருவன்தான் இருந்தேன். இந்த ஏலம் முடியட்டும் என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன்.

மகள் ஹாஸ்டலிலிருந்து போன் செய்து கேட்டாள். ஆபீசுக்கே போன் செய்தாள். மூன்றாவது தடவை எனக்குக் கோபம் வந்தது. அறையில் வியாபாரிகள் இருந்தார்கள். குரலைத் தாழ்த்தி, "உங்கம்மாளுக்கு மூக்குத்தானே போச்சு, என்ன அவசரம்? எனக்குப் போயிருந்தா அவசரம்" என்றேன். அந்தப் பக்கம் அவள் போனை வைத்துவிட்டாள்.

மனைவி கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றினாள். கண்ணு மங்கலா இருக்குதுங்க என்றாள். கண்ணாடியை மாற்றிவிடலாம் என்றேன். தலைவலி என்றாள். குளிருக்கு எல்லாருக்கும் வருவதுதான் என்றேன். மாசி பாதிக்கு மேல் போன பிறகு ஒரு காலையில், எனக்குக் குளிக்கத் தண்ணீர் எடுத்து வந்தவள் வாளியில் ஊற்றுவதாக நினைத்துக் கொதிக்கிற தண்ணீரைத் தன் காலிலேயே ஊற்றிக்கொண்டாள். கொப்புளம் கிளம்பிய காலோடு உட்கார்ந்திருந்தவளிடம் என் கையைக் காட்டி, எத்தனை விரல் என்று கேட்டேன். "எங்கீங்க இருக்கறீங்க?" என்றாள். அன்றைக்குத்தான் முதலாளியிடம் லீவு கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. ஏன் இவ்வளவு நாள் கேட்கவில்லை என்றார்.

பர்லியாறு வளைவுகளில் கார் இறங்கும்போது அவள் வாந்தி எடுத்தாள். அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன். என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, கிட்ட வராதீங்க, கிட்ட வராதீங்க என்றாள். வெறுப்பில் சொல்கிறாள் என்றே அப்போதும் நினைத்தேன்.

கோயமுத்தூரில் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டிக் காட்டினார். மூக்கெலும்புக்குப் பின்னால், நெற்றிக்குக் கீழே, எலுமிச்சை அளவில் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை, மெதுவாக வளர்கிற சாதாரணக் கட்டி என்றார். முதலில் வாச நரம்பை அமுக்கும், பல வருஷம் கழித்துத்தான் கண் நரம்புக்கு வரும். வாசம் எப்போது போயிற்று என்று கேட்டார். இரண்டு மாதமாக என்று நான் சொன்னேன்.

"ரெண்டு வருசமாச்சுங்க" என்றாள் என் மனைவி.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று டாக்டர் அவளைக் கேட்டார். அவள் நான் இருக்கிற திசையைத் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இவுங்களுக்கு மூக்குதானுங்க சோறு போடுது. எங்கிட்டிருந்து ஒட்டிக்கிச்சுன்னா என்ன பண்றதுங்க? அதான் டம்ளரு, படுக்கை எல்லாம் தனியா வெச்சுக்கிட்டேன். சொன்னா ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டு அலைவாங்க, வேலை கெட்டுப்போகும். அதாவே சரியாப் போயிருமின்னு பாத்தனுங்க."

டாக்டர் என்னிடம் என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுக் குனிந்து எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே, வாசம் போனபோதே வந்திருந்தால் இது ஒரு விஷயமே இல்லை, இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால்கூடக் கண்ணை இவ்வளவு தூரம் விட்டிருக்க மாட்டோம் என்றார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதிலுக்குப் பேசியிருப்பேன்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது என்றார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் வெளிச்சம் தெரியும், யாராவது குறுக்கே நடந்தால் நிழலாகத் தெரியும். முகம் தெரியாது. வாசம் இனி வராது. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் அவள் பக்கத்திலேயே இருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவளோடு அத்தனை நாள் சேர்ந்தாற்போல இருந்தது அதுதான் முதல் தடவை. இட்லியைப் பிட்டுப் பிட்டு ஊட்டினேன். அவள் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த மூன்று வாரமும் கம்பெனியில் ஏலம் நடந்தது. வேறு கம்பெனியிலிருந்து ஓர் ஆளை இரவல் வாங்கி ருசி பார்க்க வைத்தார்களாம். திரும்பிப் போனபோது மிச்சமிருந்த மாதிரிகளை ருசி பார்த்து, அவர் எழுதிய குறிப்புகளைப் புரட்டினேன். நான் என்ன எழுதியிருப்பேனோ அதையேதான் எழுதியிருந்தார். எங்கும் ஒரு பிசகும் நடந்திருக்கவில்லை. ஒருவரும் என்னைத் தேடவில்லை. அந்த நோட்டை மூடி வைத்தேன். யாருக்காக அந்த எட்டு வாரத்தை இழுத்தடித்தேன் என்று எனக்கு விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை.

மகள் அந்த வருஷம் படிப்பை முடித்து வந்து கொஞ்ச நாள் அம்மாவோடு இருந்தாள். என்னோடு தேவைக்கு மேல் பேசமாட்டாள். சுவரைத் தடவிக்கொண்டு நடக்கவும், தண்ணீர்க் குடத்தை எட்டி எடுக்கவும் அம்மாவுக்குப் பழக்கிவிட்டாள். பிறகு அவளுக்கு மெட்ராசில் வேலை கிடைத்தது. கிளம்பும்போது என்னிடம் மாத்திரைகளை நேரப்படி எழுதிக் கொடுத்துவிட்டு, "ஏலம் முடியட்டும்னு சொல்லாதீங்கப்பா" என்று மட்டும் சொன்னாள்.

நானும் என் மனைவியும் மட்டும் மிஞ்சினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மழை விட்டு வெயில் வந்திருந்தது. வீட்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்து, அவள் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது, ஆனால் அவளுக்கு என் முகம் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் பேசினேன் என்று நினைக்கிறேன். பால் தீய்ந்த நாட்களில் அவள் வேண்டுமென்றே செய்வதாக நான் நினைத்திருந்ததைச் சொன்னேன். பழி வாங்குகிறாள் என்று இரண்டு வருஷம் மனதில் வைத்துக் கறுவிக்கொண்டிருந்ததையும் சொன்னேன்.

"தெரியுமுங்க" என்றாள்.

தெரிந்துமா திட்டு வாங்கிக்கொண்டு நின்றாய், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். என் குரலில் கோபம் வந்துவிட்டது. அப்போதும் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

அவள் நகம் வெட்டிய விரல்களைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஒட்டிக்குமின்னு பயந்தது நெசந்தானுங்க. ஆனா அது மட்டுமில்லீங்க. அதுக்கு முன்னால நான் என்ன ஆக்கி வெச்சாலும் பேசாமத் தின்னுபோட்டு எந்திரிச்சுப் போயிருவீங்க. பாலு தீஞ்சதுக்கப்பறந்தான் ஊட்டுக்கு வந்ததும் எம்மூஞ்சியப் பாத்து நாலு வார்த்தை பேசுனீங்க. எனக்கு வாசம் தெரியலீன்னு சொல்லிப்போட்டா, பாவமின்னு அதையும் நிறுத்திப்போடுவீங்கன்னு நெனச்சேனுங்க."

அடுத்த கையை நீட்டினாள். அந்தக் கை நகங்களையும் வெட்டி முடித்தேன். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போனேன்.